தேய்ந்த கான்கிரீட் சாலைக்கு மெல்லிய மேலடுக்கு: உடைக்காமல் புதுப்பிக்கும் முறையும் அதன் நிபந்தனைகளும்

இந்தியாவில் கடந்த 25 ஆண்டுகளில் போடப்பட்ட சிமெண்ட் கான்கிரீட் நெடுஞ்சாலைகளின் முதல் தலைமுறை தேய்மானப் பருவத்தை எட்டியுள்ளது. மேற்பரப்பு வழுவழுப்பாகி மழைக்காலத்தில் வாகனங்கள் சறுக்குவது, மேல்தோல் செதில் செதிலாக உரிவது, மூட்டுகளின் விளிம்புகள் உதிர்வது ஆகியவை இதன் அறிகுறிகள். இந்தக் குறைகள் தோன்றும்போது பெரும்பாலும் இரண்டு வழிகளே கையாளப்படுகின்றன. பழுதடைந்த பகுதியை உடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகக் கான்கிரீட் போடுவது ஒன்று. அதன் மேல் தார்க் கலவையை விரித்துவிடுவது மற்றொன்று.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பழைய கான்கிரீட்டை உடைக்காமல், அதன் மேற்பரப்பை மட்டும் சொரசொரப்பாக்கிச் சுத்தம் செய்து, 50 முதல் 125 மில்லிமீட்டர் வரை கனம் கொண்ட புதிய கான்கிரீட் அடுக்கைப் பழையதோடு ஒட்டிக்கொள்ளுமாறு போடுவதே அது. பொறியியல் நூல்கள் இதைப் பிணைப்புக் கான்கிரீட் மேலடுக்கு என்கின்றன. செலவும் இடிபாடும் குறைவு. ஆனால், பழைய சாலை இன்னும் உறுதியாக இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும். சாலை பார்வைக்கே மோசமாகத் தெரியும் வரை காத்திருந்தால் இந்த வாய்ப்பு கைநழுவிவிடும்.

வயதாகும் சாலைகள்

கான்கிரீட் சாலை இந்தியாவுக்குப் புதிதல்ல. மும்பை மெரைன் டிரைவ் சாலை 1940ஆம் ஆண்டையொட்டிக் கான்கிரீட்டில் அமைக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் பெரும் பழுதின்றி உழைத்தது. கடற்காற்றுக்கும் பருவமழைக்கும் ஈடுகொடுத்த அந்தச் சாலை இன்றும் கான்கிரீட் ஆதரவாளர்கள் முதலில் எடுத்துக்காட்டும் சான்று. ஆயினும் நெடுஞ்சாலைகளில் கான்கிரீட் பரவலானது 1990களின் பிற்பகுதிக்குப் பின்னரே. 94.5 கிலோமீட்டர் நீளமுள்ள மும்பை-புனே விரைவுச்சாலை 2002இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர் செல்லும் யமுனா விரைவுச்சாலை 2012இலும், டெல்லியைச் சுற்றிச் செல்லும் கிழக்குப் புறவழி விரைவுச்சாலை 2018இலும் பயன்பாட்டுக்கு வந்தன. மும்பை-நாக்பூர் இடையிலான 701 கிலோமீட்டர் சம்ருத்தி நெடுஞ்சாலை 2025 ஜூனில் நிறைவடைந்தது. மும்பை மாநகராட்சி தனது உட்சாலைகளில் சுமார் 700 கிலோமீட்டரை இரண்டு கட்டங்களாகக் கான்கிரீட் சாலைகளாக மாற்றும் பணியை மேற்கொண்டுள்ளது.

கான்கிரீட் சாலைகள் பொதுவாக 30 ஆண்டு ஆயுளைக் கணக்கிட்டு வடிவமைக்கப்படுகின்றன. ஆனால் அந்த ஆயுள் பலகத்தின் வலிமையைக் குறித்தது. மேற்பரப்பைக் குறித்தது அல்ல. சக்கரங்கள் தொடர்ந்து உரசுவதால் சாலை போடும்போது கீறிவிடப்பட்ட வரிகள் மழுங்குகின்றன. அதிகச் சுமையேற்றிய லாரிகள் மூட்டுகளின் விளிம்பை நொறுக்குகின்றன. 250 மில்லிமீட்டர் கனமுள்ள பலகத்தில் மேலே உள்ள 10 அல்லது 15 மில்லிமீட்டர் கெட்டுவிட்டால், அடியில் நல்ல நிலையில் இருக்கும் எஞ்சிய பகுதியையும் சேர்த்து உடைப்பதா என்பதே இங்கு எழும் கேள்வி.

கணக்கில் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். 7 மீட்டர் அகலமும் 250 மில்லிமீட்டர் கனமும் கொண்ட சாலையின் ஒரு கிலோமீட்டரை உடைத்தால் 1,750 கனமீட்டர் இடிபாடு வெளிவரும். எடையில் ஏறத்தாழ 4,200 டன். அதே அளவு கான்கிரீட்டைப் புதிதாகக் கொண்டுவந்து கொட்டவும் வேண்டும். 75 மில்லிமீட்டர் மேலடுக்குக்குத் தேவைப்படுவதோ 525 கனமீட்டர் மட்டுமே. ஜல்லிக்கும் மணலுக்கும் குவாரிகளை நம்பியிருக்கும் நாட்டில், சிமெண்ட் உற்பத்தி வெளியிடும் கரியமில வாயு பற்றிய கவலையும் கூடிவரும் வேளையில், இது சிறிய வேறுபாடு அல்ல.

ஒட்டுதலில்தான் எல்லாம்

மேலடுக்கு பழைய கான்கிரீட்டோடு ஒரே உடலாக ஒட்டிக்கொள்வதே இந்த முறையின் அடிப்படை. ஒட்டினால் என்ன கிடைக்கிறது, ஒட்டாவிட்டால் என்ன நேர்கிறது என்பதை எளிய கணக்கால் விளக்கலாம்.

வளைவதை எதிர்க்கும் திறன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 250 மில்லிமீட்டர் பலகத்தின் மேல் 75 மில்லிமீட்டர் அடுக்கு முழுமையாக ஒட்டினால், அது 325 மில்லிமீட்டர் கனமுள்ள ஒற்றைப் பலகமாக இயங்கும். இரண்டும் ஒட்டாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால், ஒவ்வொன்றும் தனித்தனியே வளையும். முதல் நிலையில் கிடைக்கும் விறைப்பு இரண்டாம் நிலையில் கிடைப்பதைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். பழைய பலகத்தின் அடிப்பரப்பில் எழும் இழுவிசை, மேலடுக்கு ஒட்டிய பின் முன்பிருந்ததில் ஏறத்தாழ 60 சதவீதமாகக் குறையும். மண்ணின் தாங்குதிறன், பலகத்தின் அளவு ஆகியவற்றைப் பொறுத்து இந்த எண் சற்றே மாறினாலும் போக்கு இதுதான். கான்கிரீட்டின் களைப்பு இழுவிசையைப் பொறுத்தே அமைவதால், இந்தக் குறைவு சாலையின் எஞ்சிய ஆயுளைப் பல மடங்கு நீட்டிக்கக்கூடியது.

இன்னொரு கோணமும் உண்டு. கான்கிரீட் அமுக்கு விசையை நன்றாகத் தாங்கும். இழுவிசையில் எளிதில் விரிசல் விடும். 325 மில்லிமீட்டர் பலகமாக ஒன்றுபட்ட நிலையில், சக்கரம் பலகத்தின் நடுவே நிற்கும்போது மேலே உள்ள 75 மில்லிமீட்டர் முழுவதும் அமுக்கத்துக்கே உள்ளாகிறது. ஆகவே அத்தனை மெல்லியதாக இருந்தும் அது உடைவதில்லை. ஒட்டு விட்டுப்போன இடத்திலோ, அந்த மெல்லிய அடுக்கின் அடிப்பரப்பு தனியே இழுபடத் தொடங்குகிறது. மூன்று அங்குலக் கான்கிரீட் தகடு பத்து டன் அச்சுச் சுமையைத் தனியாகத் தாங்குவது நடவாத காரியம். முதலில் மூலையில் விரிசல், பிறகு அதன் வழியே நீர்க்கசிவு, அதன்பின் துண்டு துண்டாகப் பெயர்தல் என்று சேதம் வேகமாகப் பரவும்.

ஒட்டுதலின் வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 1.4 நியூட்டன் அளவில் இருந்தால் போதும் என்பது அமெரிக்காவில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் அளவுகோல். நல்ல கான்கிரீட்டுக்கு இது எட்டாத உயரம் அல்ல. ஒரு சதுர மீட்டரில் கிடைத்த அந்த வலிமையை ஆயிரக்கணக்கான சதுர மீட்டர்களிலும் விடுபடாமல் பெறுவதுதான் கடினம்.

ஒயிட் டாப்பிங் வேறு, இது வேறு

பெங்களூரு மாநகரில் கடந்த சில ஆண்டுகளாக நடைபெறும் ஒயிட் டாப்பிங் பணிகளால் அந்தச் சொல் பரவலாக அறிமுகமாகியுள்ளது. அது பழைய தார்ச்சாலையின் மேல் கான்கிரீட் போடும் முறை. இந்திய சாலைகள் காங்கிரஸ் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் அதை 200 மில்லிமீட்டருக்கு மேல், 100 முதல் 200 வரை, 100க்கும் குறைவு என்று கனத்தை வைத்து வகைப்படுத்தின. மெல்லிய ஒயிட் டாப்பிங்கிலும் அடியிலுள்ள தார் அடுக்கோடு ஒட்டுதல் தேவைப்படுகிறது என்றாலும், தார் நெகிழக்கூடியது. கான்கிரீட் மேல் கான்கிரீட் என்பது முற்றிலும் வேறு நடத்தை கொண்டது.

கான்கிரீட்டின் மேல் போடும் மேலடுக்கிலும் இரண்டு வகை உண்டு. பழைய பலகம் பெரிதும் விரிசல் விட்டிருந்தால், இடையே மெல்லிய தார்க் கலவை அல்லது துணி விரிப்பைப் பரப்பி, வேண்டுமென்றே ஒட்டவிடாமல் அதன் மேல் கனமான கான்கிரீட் போடுவார்கள். அங்கே பழைய சாலை வெறும் அடித்தளம் மட்டுமே. இங்கு விளக்கப்படும் மெல்லிய பிணைப்பு மேலடுக்கில் பழைய சாலைதான் சுமையின் பெரும்பகுதியைத் தாங்குகிறது.

எந்தச் சாலைக்குப் பொருந்தும்?

இதனால்தான் தேர்வு முக்கியமாகிறது. பழைய கான்கிரீட் உள்ளுக்குள் திடமாக இருக்க வேண்டும். பலகங்களின் குறுக்கே ஓடும் ஆழமான விரிசல்கள், சுமை ஏறும்போது மூட்டு வழியே சேறு பீறிடுதல், ஒரு பலகம் தாழ்ந்து பக்கத்துப் பலகம் உயர்ந்து நிற்றல் ஆகியவை அடித்தளக் கோளாறின் அடையாளங்கள். ஜல்லிக்கும் சிமெண்டின் காரத்துக்கும் இடையிலான வேதிவினையால் வலைபோல் விரிசல் விட்ட கான்கிரீட்டின் மேலும் இதைப் போடலாகாது. அத்தகைய சாலையின் மேல் எவ்வளவு நல்ல அடுக்கைப் போட்டாலும், அடியில் அசையும் விரிசல் சில மாதங்களிலேயே மேலே வந்து நிற்கும்.

மறுபுறம், குறை வழுவழுப்பு மட்டுமே என்றால் மேலடுக்குகூடத் தேவையில்லை. வைரத்தூள் பதித்த சக்கரங்களைக் கொண்டு மேற்பரப்பில் சில மில்லிமீட்டரை மட்டும் அரைத்தெடுத்தால் பிடிமானம் திரும்பிவிடும், சமதளமும் சீராகும். மேற்பரப்புச் சிதைவு பரவலாக உள்ள இடங்களிலும், போக்குவரத்து எதிர்பார்த்ததைவிடக் கூடிவிட்டதால் பலகத்தின் கனம் போதாது என்று கணக்கில் தெரியவரும் இடங்களிலுமே மேலடுக்கு தன் விலைக்கு மதிப்பளிக்கிறது.

பார்வையிடுவதால் மட்டும் இதைத் தீர்மானிக்க முடியாது. சாலையின் பல இடங்களில் உருளை வடிவில் துளைத்தெடுத்த மாதிரிகளை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். எடையைச் சாலையில் விழச்செய்து பலகம் எவ்வளவு அமிழ்கிறது, மூட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சுமை எவ்வளவு கடக்கிறது என்று அளக்கும் கருவியும் பயன்படுகிறது. தனித்தனியே உடைந்த சில பலகங்கள் இருந்தால் அவற்றை முழு ஆழத்துக்கு வெட்டியெடுத்து மாற்றிய பின்னரே மேலடுக்குப் பணி தொடங்கும். இந்த முன்வேலையின் அளவு கூடக்கூட மேலடுக்கின் சிக்கனம் கரைந்துவிடும்.

கொத்திவிடுவதிலிருந்து குண்டடி வரை

பழைய சுவரில் பூச்சு பூசும் முன் கொத்தனார் அதை உளியால் கொத்திவிட்டு, தூசு தட்டி, நீர் தெளிப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். தத்துவம் அதுவே. சாலையில் அதை இயந்திரங்கள் செய்கின்றன. சிறு எஃகுக் குண்டுகளை மிகுந்த வேகத்தில் தரையில் அடித்து, மேலே உள்ள பலவீனமான சிமெண்ட் படலத்தையும் எண்ணெய்க் கறையையும் டயர் ரப்பரையும் நீக்கி, அடியிலுள்ள ஜல்லியை வெளிக்காட்டுவது பரவலான முறை. உயர் அழுத்த நீர்ப்பாய்ச்சலும் பயன்படுகிறது.

தார்ச்சாலையைச் சுரண்ட உதவும் மில்லிங் இயந்திரத்தை இங்கு அப்படியே இறக்குவதில் ஓர் ஆபத்து உண்டு. அதன் பற்கள் கான்கிரீட்டைக் கடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்களை உண்டாக்குகின்றன. பின்னர் ஒட்டு விடுவது பழையதும் புதியதும் சேரும் கோட்டில் அல்ல, அதற்கு ஓரிரு மில்லிமீட்டர் கீழே, பழைய கான்கிரீட்டுக்குள். எனவே மில்லிங் செய்தால் அதன்பின் குண்டடியோ நீர்ப்பாய்ச்சலோ செய்து நொய்ந்த பகுதியை அகற்றுவது அவசியம்.

சுத்தம் செய்த மேற்பரப்பு நெடுநேரம் திறந்து கிடக்கக் கூடாது. கான்கிரீட் கொட்டுவதற்குச் சற்று முன் அழுத்தக் காற்றால் தூசை ஊதிவிட வேண்டும். காற்றழுத்தக் கருவியிலிருந்து எண்ணெய் தெறித்தாலே அந்த இடத்தில் ஒட்டுதல் போய்விடும். கலவை லாரிகள் சுத்தம் செய்த பரப்பின் மேலேயே பின்னோக்கி வந்து நிற்பதும் களத்தில் அடிக்கடி நிகழ்வது. அதன் சக்கரச் சேறு பல நாள் உழைப்பை வீணாக்கிவிடும்.

ஒட்டுவதற்காகச் சிமெண்ட் பால் பூசுவது முன்பு கட்டாயமாகக் கருதப்பட்டது. அனுபவம் அந்த நம்பிக்கையை மாற்றியது. பூசிய பால் கான்கிரீட் வந்து விழுவதற்குள் காய்ந்துவிட்டால், அது ஒட்டும் பசையாக இல்லாமல் பிரிக்கும் தாளாக மாறிவிடுகிறது. நன்கு தயாரித்த பரப்பில் சிமெண்ட் பால் இல்லாமலே போதிய ஒட்டுதல் கிடைக்கும் என்பதே இன்றைய பொதுக்கருத்து. பழைய கான்கிரீட் புதிய கலவையின் நீரை உறிஞ்சிவிடாதபடி ஈரம் ஏற்றலாம். ஆனால் நீர் தேங்கி நிற்கலாகாது.

கலவையும் ஜல்லியும்

தேசிய நெடுஞ்சாலைப் பணிகளில் சாலைப் பலகத்துக்குக் குறைந்தது எம்-40 தரக் கான்கிரீட் வேண்டும். மேலடுக்குக்கும் அதே தரமோ சற்று மேலானதோ பயன்படும். அடுக்கு மெல்லியதாக இருப்பதால் ஜல்லியின் பெரிய அளவும் சிறியதாக இருக்க வேண்டும். சுருக்கத்தால் வரும் விரிசலைக் கட்டுப்படுத்தச் செயற்கை இழைகளோ எஃகு இழைகளோ சேர்க்கப்படுவதுண்டு. இழை சேர்த்தால் மற்ற குறைகளும் மறைந்துவிடும் என்ற எண்ணம் ஒப்பந்தக்காரர்களிடம் காணப்படுகிறது. ஒட்டாத அடுக்கை இழை காப்பாற்றாது, உடைந்த துண்டுகளைச் சிறிது காலம் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான்.

ஜல்லியின் பாறை வகையையும் கவனிக்க வேண்டும். வெப்பத்தில் ஒவ்வொரு பாறையும் வெவ்வேறு அளவில் விரிகிறது. சுண்ணாம்புப் பாறை ஜல்லிக் கான்கிரீட் குறைவாகவும், குவார்ட்சைட் ஜல்லிக் கான்கிரீட் அதிகமாகவும் விரியும். பழைய சாலையில் முதல் வகையும் மேலடுக்கில் இரண்டாம் வகையும் இருந்தால், ஒவ்வொரு பகலும் ஒவ்வோர் இரவும் ஒட்டுக்கோடு இருபுறமும் இழுபடும். வலிமையில் தேறிய கலவைகூட இதனால் தோற்கலாம். இருபது ஆண்டுகளுக்கு முன் எந்தக் குவாரியிலிருந்து ஜல்லி வந்தது என்ற பதிவேடு கிடைக்காத இடங்களில், துளைத்தெடுத்த மாதிரியே அதற்கும் விடை சொல்ல வேண்டியிருக்கும்.

மூட்டுக்கு மேல் மூட்டு

கான்கிரீட் சாலையில் பொதுவாக நாலரை மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கு மூட்டுகள் வெட்டப்பட்டிருக்கும். பழைய மூட்டு எங்கே இருக்கிறதோ, அதற்கு நேர் மேலே மேலடுக்கிலும் மூட்டு வெட்டப்பட வேண்டும். சில அங்குலம் விலகினாலும் பழைய மூட்டு தன் அசைவால் மேலடுக்கைத் தானே கிழித்துக்கொள்ளும். அந்த விரிசல் வளைந்து நெளிந்து ஓடும், அடைக்கவும் எளிதாக இராது.

புதிய கான்கிரீட் கொட்டியபின் அடியிலுள்ள மூட்டு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பணிக்கு முன்பே சாலையின் இரு ஓரங்களிலும் ஆணியடித்தோ குறியிட்டோ ஒவ்வொரு மூட்டின் இடத்தையும் பதிவு செய்துகொள்கிறார்கள். வெட்டும் ஆழத்திலும் வேறுபாடு உண்டு. வழக்கமான புதிய சாலையில் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வெட்டினால் போதும்; எஞ்சியது தானாக விரிசல் விடும். மெல்லிய பிணைப்பு மேலடுக்கின் குறுக்கு மூட்டிலோ அடுக்கின் முழுக் கனத்தையும் தாண்டிச் சுமார் 12 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்ட வேண்டும். வெட்டின் அகலம் அடியிலுள்ள பழைய பிளவின் அகலத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். கோடையில் பழைய பலகங்கள் விரிந்து நெருங்கும்போது, குறுகலான வெட்டின் இரு விளிம்புகளும் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலில் மேலடுக்கு அடியிலிருந்து பிரிந்துவிடும்.

மிக விரைவில் வெட்டினால் ஜல்லி பெயரும். தாமதித்தால் விரிசல் முந்திக்கொள்ளும். இடையே கிடைக்கும் அவகாசம் சில மணி நேரம் மட்டுமே என்பதால், வெட்டும் இயந்திரங்களின் எண்ணிக்கையே ஒரு நாளில் எவ்வளவு தூரம் கான்கிரீட் போடலாம் என்பதை நிர்ணயிக்கிறது.

முதல் இரவு

மேலடுக்கு ஒட்டு விடுவதாக இருந்தால், பெரும்பாலும் அது போட்ட முதல் சில நாட்களுக்குள்ளேயே விட்டுவிடுகிறது. புதிய கான்கிரீட் உலரும்போது சுருங்குகிறது. பல ஆண்டுகளுக்கு முன்பே சுருங்கி முடித்துவிட்ட பழைய கான்கிரீட் அதற்கு இடம் கொடுப்பதில்லை. பகலில் சூடேறிய அடுக்கு இரவில் குளிரும்போது ஓரங்களும் மூலைகளும் மேல்நோக்கிச் சுருள முயல்கின்றன. ஒட்டுதல் இன்னும் முழு வலிமை பெறாத அந்த நேரத்திலேயே இத்தனை இழுபறியும் நடக்கிறது.

மெல்லிய அடுக்கில் கன அளவோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு அதிகம். எனவே நீர் விரைவில் ஆவியாகிறது. ஒரு சதுர மீட்டரிலிருந்து மணிக்கு ஒரு கிலோகிராம் நீர் ஆவியாகும் நிலையை எட்டினாலே சுருக்க விரிசலுக்கான எச்சரிக்கையாகப் பொறியாளர்கள் கொள்கின்றனர். வட இந்தியாவின் மே மாத வறண்ட காற்றில் இந்த எல்லையைத் தாண்டுவதற்குச் சிறப்பு முயற்சி எதுவும் தேவையில்லை. வெயிலில் கிடக்கும் பழைய பலகத்தின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைக் கடந்திருக்கும். அதன் மேல் விழும் கலவையின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே கோடையில் மாலைக்குப் பின் கான்கிரீட் போடுவதும், பழைய பரப்பை முன்கூட்டியே நீர் தெளித்துக் குளிர்விப்பதும் பரிந்துரைக்கப்படுகின்றன. ஈரம் காக்கும் வெள்ளை நிறப் பூச்சுத் திரவத்தை, வழக்கமான சாலைக்குத் தெளிப்பதைப் போல் இரு மடங்கு அளவில், மேற்பரப்பை வரியிட்டு முடித்த உடனேயே தெளிக்க வேண்டும். ஓரங்களையும் விடக் கூடாது. அதன் மேல் ஈரச் சாக்கு விரித்து நீராற்றுவது இந்தியக் களங்களுக்குப் பழகிய, நம்பத்தக்க கூடுதல் காப்பு.

அமெரிக்க அனுபவம்

இந்த முறையில் நீண்ட அனுபவம் பெற்றது அமெரிக்காவின் அயோவா மாநிலம். அங்கு கிரீன் கவுண்டியில் 1973இல் இழைக் கான்கிரீட் மேலடுக்குகளும், கிளேட்டன் கவுண்டியில் 1977இல் 2 முதல் 5 அங்குலம் வரையிலான பிணைப்பு மேலடுக்குகளும் சோதனை முறையில் போடப்பட்டன. டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரைச் சுற்றிச் செல்லும் 610ஆம் எண் நெடுஞ்சாலையில் 1983இல் 2 மற்றும் 3 அங்குல அடுக்குகள் சோதிக்கப்பட்டன. ஒட்டு விட்ட இடங்களை ஆராய்ந்தபோது, போக்குவரத்துச் சுமையைவிடப் பணியன்று நிலவிய வெப்பமும் ஆவியாதலுமே முதன்மைக் காரணங்களாகத் தெரியவந்தன. கனரக வாகனங்கள் செல்லும் சாலையிலும் மெல்லிய அடுக்கு பல ஆண்டுகள் நிற்கும் என்பதையும், கவனக்குறைவான ஒரு நாளின் வேலை தனித்துத் தோற்கும் என்பதையும் இந்தச் சோதனைகள் ஒருங்கே காட்டின.

இந்தியாவில் ஏன் அரிது?

விதிநூல் இல்லாதது காரணமல்ல. கான்கிரீட் சாலைகளின் மேல் மேலடுக்குப் போடுவது குறித்த பரிந்துரைகளை இந்திய சாலைகள் காங்கிரஸ் 1977ஆம் ஆண்டிலேயே எஸ்.பி.17 என்ற வெளியீடாகக் கொண்டுவந்தது. கான்கிரீட் சாலைப் பராமரிப்புக்கு எஸ்.பி.83 என்ற தனி வழிகாட்டி உள்ளது. டெல்லியில் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் 1950களின் தொடக்கத்திலிருந்து இயங்கிவருகிறது.

தடை நிர்வாக நடைமுறையில் இருக்கிறது. கான்கிரீட் சாலைக்குப் பராமரிப்பே தேவையில்லை என்ற எண்ணம் அதைப் போடும்போதே விதைக்கப்படுகிறது. ஒப்பந்தக்காரரின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் பொதுவாகப் பத்து ஆண்டுகள். அது முடிந்தபின் மூட்டு அடைப்பான்களைப் பார்த்துப் புதுப்பிக்க ஆண்டுதோறும் நிதி ஒதுக்கும் வழக்கம் பல இடங்களில் இல்லை. அடைப்பான் கிழிந்த மூட்டு வழியே இறங்கும் நீர் அடித்தளத்தை அரிக்கிறது. புகார் எழும்போது பலகம் உடைந்திருக்கும்; அந்த நிலையில் மெல்லிய மேலடுக்குக்கு வேலையில்லை. நல்ல நிலையில் தெரியும் சாலைக்குப் பணம் கேட்கும் கோப்பு மேலிடத்தில் நகர்வதும் கடினம்.

தார் விரிப்பு எளிதாகத் தெரிவதும் ஒரு காரணம். ஓரிரவில் முடிந்துவிடும், காலையில் சாலை கறுப்பாக மின்னும். ஆனால் கான்கிரீட் பலகங்கள் வெப்பத்தில் விரிந்து சுருங்குவது தாருக்கு அடியிலும் நிற்பதில்லை. ஒவ்வொரு மூட்டும் தார் மேல் நேர்க்கோட்டு விரிசலாக வெளிப்பட்டு, மழை நீர் புகுந்து, கட்டி கட்டியாகப் பெயர்வது கான்கிரீட் மேல் தார் போட்ட பல நகரச் சாலைகளில் காணக்கூடிய காட்சி.

நகரங்களில் மேலடுக்குக்கும் தனிச் சிக்கல்கள் உண்டு. சாலை மட்டம் 75 மில்லிமீட்டர் உயர்ந்தால் மழைநீர் வடிகால் வாய்கள், ஆள்நுழைவு மூடிகள், வீட்டு வாசற்படிகள் அனைத்தும் தாழ்ந்துபோகும். மேம்பாலங்களின் அடியில் வாகனங்களுக்கான உயர இடைவெளி குறையும். பாலத்தின் மேலேயே போட்டால் கூடும் எடையைக் கணக்கிட்டாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குடிநீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் ஆண்டுதோறும் தோண்டப்படும் சாலையில் இதைப் போடுவது வீண் செலவு. பயன்பாட்டுக் குழாய்களை ஓரத்துக்கு மாற்றிவிட்ட சாலைகளும், தோண்டல் தொல்லை குறைந்த விரைவுச்சாலைகளுமே இதற்கு ஏற்ற களங்கள்.

திறப்பதற்கு முன் தட்டிப் பார்த்தல்

கான்கிரீட் குறித்த வலிமையை அடைந்த பின்னரே வாகனங்களை அனுமதிக்க வேண்டும். விரைவில் இறுகும் கலவைகளால் இந்த அவகாசத்தைச் சில நாட்களாகக் குறைக்கலாம் என்றாலும், அவை அதிக வெப்பத்தை உண்டாக்கிச் சுருக்கத்தையும் கூட்டுவதால் மெல்லிய அடுக்கில் எச்சரிக்கை தேவை. வேறு வழித்தடம் இல்லாத இடங்களில் ஒரு வழியை மட்டும் மூடி, பாதி அகலமாகப் பணியை முடிப்பதே நடைமுறை.

ஒட்டுதலைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இரும்புச் சங்கிலியைச் சாலையின் மேல் இழுத்துக்கொண்டே நடந்தால், நன்கு ஒட்டிய இடத்தில் கணீரென்ற ஓசையும் பிரிந்த இடத்தில் பொக்கையான ஓசையும் கேட்கும். சுத்தியலால் தட்டியும் அறியலாம். மூட்டுகளை ஒட்டிய ஓரங்களையும் மூலைகளையும் முதலில் சோதிக்க வேண்டும். பிரிவு பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது. சந்தேகத்துக்குரிய இடங்களில் அடுக்கின் ஊடே வட்டமாகத் துளையிட்டு, மேலே உலோகத் தகட்டை ஒட்டி, கருவியால் மேல்நோக்கி இழுத்து எந்த விசையில் எந்த மட்டத்தில் பிரிகிறது என்று அளக்கின்றனர். ஒட்டுக்கோட்டில் பிரியாமல் பழைய கான்கிரீட்டுக்குள்ளேயே முறிந்தால் மேலடுக்குப் பணியைக் குறை சொல்வதற்கில்லை. மில்லிங் நடந்த சாலையாக இருந்தால் மட்டும், முறிவு நுண்விரிசலால் நேர்ந்ததா என்று பார்க்க வேண்டியிருக்கும். பொக்கை ஓசை எழும் பகுதிகள் எல்லை குறிக்கப்பட்டு, இரம்பத்தால் நேர் விளிம்பாக வெட்டி அகற்றப்பட்டு, அதே முறையில் சுத்தம் செய்து மீண்டும் போடப்படுகின்றன. ஒப்பந்தத் தொகையின் இறுதித் தவணையை இந்தச் சோதனை முடிவோடு இணைத்துவிட்டால், ஒட்டு விட்ட பகுதியைச் சரிசெய்யும் செலவு சாலையைப் போட்டவரிடமே நிற்கும்.